நிமிடத்துக்கு மூன்று டிகிரி

ஹார்பினில் சனவரி. வெளியே
பூஜ்யத்துக்குக் கீழே இருபத்தெட்டு.
பேருந்துக் கண்ணாடி உள்பக்கமும் உறைந்துபோக
நகத்தால் சுரண்டித்தான்
இறங்குமிடம் கண்டுபிடித்தேன்.

உலைக்குள் தொள்ளாயிரம்.
நடுவே எஃகுச் சுவர், சுவருக்குள் ஓடும் குளிர்நீர்,
சதுரக் கண்ணாடியில் ஒட்டிய என் இடது கண்.

உள்ளே சுண்டுவிரல் நகமளவு பீங்கான்.
இழைகளை நெய்து, இழைக்கு இழை கல்லை நிரப்பியது.
கறுப்பு. தட்டினால் கிண்ணம்போல் பேசும்.
அதன் அடியில் நிக்கல் கலவை வில்லை,
விமானப் பொறியின் வயிற்றில்
சிவக்கச் சிவக்கச் சுழன்றாலும் இளகாத இனம்.
இரண்டுக்கும் இடையில் பற்றாசுத் தாள்.

வெள்ளியும் செம்பும் மட்டுமென்றால்
தாமரை இலைத் தண்ணீர்தான்.
பீங்கான்மேல் முத்து முத்தாய் உருண்டு
ஓரமாய்ப் போய் நிற்கும்,
பந்திக்கு அழைக்கப்படாதவனைப்போல.
நூற்றுக்கு நாலு பங்கு டைட்டானியம் சேர்ந்தால்
கதை வேறு. அது கல்லைக் கடிக்கும்.
கல்லிடமிருந்து கரியைப் பிடுங்கிக்கொண்டு
மெல்லிய படலமாய் உட்காரும்.
அந்தப் பாயை விரித்த பிறகுதான்
வெள்ளி படுக்கும்.

போன மாதம் ஒட்டியது.
எனக்கும் துவான் யீமெங்குக்கும் தலைகால் புரியவில்லை.
கீழே உணவகத்தில்
புளித்த முட்டைக்கோஸ் குழம்பு, ஆளுக்கு இரண்டு கிண்ணம்.

மூன்றாம் நாள் மாலை
ஈரம் புகாத கண்ணாடிப் பெட்டிக்குள்ளிருந்து
யாரோ நகம் கடித்ததுபோல் ஒரு சத்தம்.

யாரும் தொடவில்லை.
பிளந்தது ஒட்டும் அல்ல.
ஒட்டுக்கு ஒரு மயிரிழை மேலே, பீங்கானுக்குள்.
ஒட்டு பத்திரமாக இருந்தது,
பிய்த்த கல்லை முதுகில் சுமந்தபடி.

சூட்டைப் பழிக்காதீர்கள்.
தொள்ளாயிரத்தில் அவரவர் அளவுக்கு விரிந்திருந்தார்கள்,
நடுவில் திரவம்,
யாருக்கும் யாரோடும் வழக்கில்லை.
ஆறும்போதுதான்
உலோகம் மூன்று பங்கு சுருங்குகிறது,
பீங்கான் ஒரு பங்கு.
மிச்சம் இரண்டு பங்கு யார் தலையில் என்று
எந்த ஒப்பந்தத்திலும் எழுதவில்லை.

யீமெங்கின் கணவர் இதைக் கேட்டு
"கல்யாணம்!" என்று சிரித்தார்.
அவள் சிரிக்கவில்லை.
"கல்யாணத்தை விடு. இது நானூறு மெகாபாஸ்கல்."

இன்று நடுவில் இன்னொன்று வைத்திருக்கிறோம்.
செம்புதான், ஆனால் பஞ்சுபோல்
ஓட்டை ஓட்டையான தகடு.
இழுத்தால் போகும், அமுக்கினால் மடியும்.
வடிவமைப்புப் பிரிவின் ஷே வரைபடத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்து
"இருப்பதிலேயே சோதாவை நடுவில் வைப்பதா?" என்றார்.
"அங்கேதான் வைக்கணும்" என்றாள் யீமெங்.
அதற்குமேல் விளக்கவில்லை. அவருக்கும் கூட்டத்துக்கு நேரமாகிவிட்டது.

இரவு ஒன்பதரை. இறங்குமுகம்.
முந்நூறு வரும்வரை
மூன்று மணி இருபது நிமிடம்.
விசிறியைத் தொடக்கூடாது.
கதவைப் பற்றிப் பேசவும் கூடாது.

சன்னலுக்கு வெளியே தொங்கிய பையிலிருந்து
கறுத்து உறைந்த பேரிக்காய்கள் நாலு எடுத்து வந்தாள்.
இந்த ஊரில் அதை வெந்நீரில் போடமாட்டோம்.
பச்சைத் தண்ணீரில் போட்டுக் காத்திருப்போம்.
காயின் குளிர் மெல்ல வெளியே வந்து
தோல்மேல் பனிக்கூடு கட்டும்.
கூட்டை உடைத்து உள்ளிருக்கும் இனிப்பை உறிஞ்சலாம்.

நான் பொறுக்காமல் கடித்தேன்.
பல் கூசிக் கண்ணில் நீர் வந்தது.
திரையில் எழுநூற்று இருபது.

விடிந்து திறந்தபோது
வில்லையும் கல்லும் ஒன்றாக இருந்தன.
விளிம்பில் செம்பு சற்றே பிதுங்கி,
எதையோ வாங்கிக்கொண்ட தோற்றம்.
நாங்கள் கை தட்டவில்லை. குழம்பும் சாப்பிடவில்லை.
பெட்டியில் வைத்துத் தேதி எழுதினோம்.

மூன்றாம் நாள் வியாழன் வந்தது, போனது.
இன்று பதினொன்றாம் நாள்.
பக்கத்து மேசையில் லுவான்
பேனாவை 'டிக்' என்று அழுத்தும்போதெல்லாம்
நாங்கள் இருவரும் திரும்பிப் பார்க்கிறோம்.