ஸ்கெல்டர்பி ரோடு

பெயரை நம்பி இறங்காதீர்கள்.
ஸ்கெல்டர்பி இங்கே இல்லை.
இரண்டேகால் மைல் தள்ளி, மேட்டுக்கு அப்பால்,
தேவாலயக் கூம்பு மட்டும் தெரிகிற தூரத்தில் இருக்கிறது.

தன் காட்டு ஃபெசன்ட் பறவைகள் மிரளும் என்று
ஒரு நிலக்கிழார் கையெழுத்துப் போட மறுக்க,
ஆயிரத்து எண்ணூற்று அறுபத்து நான்கில்
தண்டவாளம் முகத்தைத் திருப்பிக்கொண்டு
இந்த ஈரவயலுக்கு வந்தது.
ஊரைத் தவறவிட்டதற்குப் பரிகாரமாகப்
பெயரின் வாலில் ‘ரோடு’ என்று ஒட்டினார்கள்.
ரோடும் அப்போது இல்லை.
மிரளாத பறவைகளைச் சுட்டுக்
கூடையில் அடுக்கி
இதே ரயிலில்தான் லண்டனுக்கு அனுப்பினார் அவர்.

மாவட்ட ஆவணக்காப்பகத்தில்
பார்சல் பேரேடு ஒன்று தப்பிக் கிடக்கிறது.
பால் கேன் நாற்பத்தொன்று.
ருபார்ப் பதினாறு பெட்டி.
சவப்பெட்டி, காலி, ஒன்று.
ஆட்டுக்கிடா ஒன்று: லேபிளைத் தின்றுவிட்டது,
சேருமிடம் தெரியவில்லை.

போரில், எதிரி இறங்கினால் வழி தெரியக்கூடாதென்று
பெயர்ப்பலகையைக் கழற்றினார்கள்.
விளக்கணைத்த பெட்டியில் வீடு திரும்பியவர்கள்
விரல்விட்டு எண்ணினார்கள்:
பாலம் தாண்டி இரண்டாவது இருட்டு,
அது நம்முடையது.

அறுபதுகளில் மூடும் பட்டியலில் ஏறி இறங்கியது.
காப்பாற்றியது கருணை இல்லை, கணக்கு.
இருபது பள்ளிப் பிள்ளைகளுக்குப் பேருந்து விட்டால்
இன்னும் செலவாகுமாம்.
ஆகவே நிலையத்தை விட்டுவிட்டு
நிலையத்தில் இருந்ததை எல்லாம் எடுத்தார்கள்.
போர்ட்டரை, கூரையை, எடை மேடையை,
கடைசியில் கைகாட்டி மரத்தை.

காத்திருப்போர் அறையில் இப்போது
ஓய்வுபெற்ற பல் மருத்துவர் குடியிருக்கிறார்.
மழையில் நிற்கும் எனக்கு
அவர் வெங்காயம் வதக்கும் வாசம் வரும்.

போக நான்கு, வர நான்கு. ஞாயிறு கிடையாது.
முன்பெட்டியில் ஒரே ஒரு கதவு திறக்கும்.
நீலப் பொத்தானை அழுத்தினால்
எங்கிருந்தோ ஒரு குரல்
‘எந்த நிலையம்?’ என்று கேட்கும்.
சொன்னால், ‘எழுத்துக் கூட்டுங்கள்’ என்னும்.
கேட்டால்தான் நிற்கும் ரயில்:
கையை நீட்ட வேண்டும், நன்றாக, தோள் உயரத்துக்கு.
மரத்தைப் பிடுங்கியபின்
கைகாட்டி நான்தான்.

வருடத்துக்கு ஒருமுறை எண்ணிக்கை வெளியாகும்.
ஏறியவர் இறங்கியவர் எழுநூற்று முப்பத்தொன்று.
அதில் முந்நூற்று அறுபத்தெட்டு நான்.
வாரம் நான்கு நாள், ஆறு ஐம்பத்திரண்டு ரயில்,
கெட்டில்ஃபோர்டு முதியோர் இல்லத்தின் சலவை அறைக்கு.
ஒரு நிலையத்தில் பாதிக்கு மேல் நானாக இருப்பது
கொஞ்சம் பயமான விஷயம்.
ஜலதோஷம் பிடித்தாலும்
போக்குவரத்து குறையும்.

பிப்ரவரிப் பனியில் கணுக்கால் ஒடிந்தது.
ஏழு வாரம் ஜன்னலோரம்.
ஐம்பத்தாறு போச்சு என்று நானே கழித்துவைத்தேன்.
கணக்கு வெளியானபோது
மூன்று கூடியிருந்தது.

கோழிப்பண்ணை ஆஸ்வின் ப்ளென்கின்
என்னோடு பதினோரு வருடமாகப் பேசாதவர்,
வேலித் தகராறு.
அவர் சட்டைப்பையில் ஒரு சின்ன நோட்டு, பென்சில் கோடுகள்.
ஏறியது முப்பது. இறங்கியது இருபத்தொன்பது.
ஒரு நாள் திரும்பும் ரயில் ரத்தாகி
ஆறு மைல் சேற்றில் நடந்து வந்தாராம்.
‘உனக்காக இல்லை’ என்றார்.
‘கெட்டில்ஃபோர்டில் சாசேஜ் ரோல் நன்றாக இருக்கிறது.’

நான் திரும்பி வந்தாயிற்று.
அவருக்கு இனி வேலை இல்லை.
இருந்தும் இன்று, மூடுபனியில்,
மேடையின் மறுகோடியில் ஒரு பச்சைக் கோட்டு.
வேலி அளவு தூரம் விட்டு நிற்கிறார்.
முகப்பு விளக்கு மங்கலாகத் தெரிந்ததும்
நான் கையை நீட்டுகிறேன்.
அவரும் நீட்டுகிறார்,
என் கையை நம்பாதவர் போல.

கதவைத் திறந்த கார்டு
எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்து,
‘என்ன விசேஷம், இவ்வளவு கூட்டம்?’ என்கிறார்.