அரை மணி

உட்துறைமுக வீதி, இரண்டாம் மாடி.
ஜன்னலுக்குக் கீழே இறங்குதுறை.
மூதூர் லோஞ்ச் நேரசூசியின் பழைய நிரலை
சப்வெர்ஷனிலிருந்து கிட்டுக்கு மாற்றுகிறேன்.
ஆயிரத்து நூற்றுத் தொண்ணூற்று நான்கு கொமிற்.
"பழைய குப்பையெல்லாம் வேண்டாம்,
துப்பரவாத் தாங்கோ" என்றார்கள்
காசு தருகிறவர்கள்.

துப்பரவாக்கினேன்.
"சரி", "இப்ப சரி", "அல்லாவே, இப்பதான் சரி":
மூன்றையும் ஒன்றாய் மடித்தேன்.
யாரோ ஏற்றிவிட்ட கலியாண வீடியோ, நானூறு எம்பி.
பொம்பிளை குனிந்த தலையோடேயே போனாள்.
வெட்டவெளியில் கிடந்த பாஸ்வேர்ட்டை
முதல் நாள்வரை போய்ச் சுரண்டினேன்.
கறள் தட்டுகிற வேலைதான். கை பழகிவிட்டது.
கீழே மான் ஒன்று
கடலை சுற்றின தாளை
எழுத்தோடு தின்றுகொண்டிருந்தது.

பிறகு 412.
புறப்படும் நேரத்தில் முப்பது நிமிடம் கழிக்கிறது.
"சம்பூர்ப் பக்கம் எங்கட மணிக்கூடு வேற."

பிறகு 1187.
கழித்ததை எடுத்துவிடுகிறது.
"இனி ரெண்டு கரைக்கும் ஒரே மணி."
18 ஏப்ரல் 2006.

கூட்டினால் பூச்சியம்.
இரண்டையும் நீக்கலாம், நிரலுக்கு ஒன்றும் ஆகாது.

கொழும்பு மணிக்கூட்டை முன்னுக்குத் தள்ளியபோது
அந்தக் கரை தள்ளவில்லை.
பத்து வருடம்
கொட்டியாரக் குடாவில் எங்கோ ஓரிடத்தில்
அரை மணி மிதந்தது.
லோஞ்சில் சிலர் கைக்கடிகாரத்தைத் திருப்பினார்கள்.
சிலர் மனதுக்குள் கழித்தார்கள்.
பிறகு கொழும்பே பின்னுக்கு வந்தது.
ஒரே மணி
ஒரு கிழமையும் இரண்டு மூன்று நாளும் இருந்தது.
அதன்பிறகு சம்பூரில் மணி பார்க்க ஆளில்லை.

இரண்டு கொமிற்றும் ஒரே பெயரில்: "ஒபிஸ்1".
கிண்ணியாவுக்கு எடுத்தேன்.
மிஸ்றியா சொன்னா:
"நான் ஏத்தினது மட்டும்தாங்கா. எழுதினது விநோகரன்.
அங்க நெட் இல்ல,
பென்டிரைவ மடிச்ச சாரத்துக்குள்ள வச்சுக்கொண்டு
லோஞ்சில வருவார்."
இப்ப?
"கிளிவெட்டி முகாமில கண்டதா ஆரோ சொன்ன."
அவ வீட்டு விசிறியும் என் விசிறியும்
கொஞ்ச நேரம் கதைத்தன.

பழையதில் ஒரு பெயருக்குத்தான் இடம்.
நேரமும் எல்லாருக்கும் கிறீனிச்.
புதியதில் எழுதியவர் வேறு, சேர்த்தவர் வேறு,
அவரவர் மணி அவரவருக்கு.

412. எழுதியவர் விநோகரன், +0530.
சேர்த்தவர் மிஸ்றியா, +0600.
1187. இருவருக்கும் +0530.

அறிக்கையில் எழுதினேன்:
பயனில்லாத இரண்டு கொமிற் உண்டு,
எடுக்கவில்லை, கேட்டால் விளக்குவேன்.

மின்னஞ்சல் முகவரி கேட்டது.
அவருடைய கூரடைப்புக்குள்
ஒன்றும் போடாமல் விட்டேன்.
ஏற்றுக்கொண்டது.