வதிவிடச் சான்றிதழ்

படிவத்தின் ஆறாம் கேள்வி:
விண்ணப்பதாரியை உமக்கு எவ்வளவு காலமாகத் தெரியும்?

நாகேசு தவபாலன், வயது ஐம்பத்துமூன்று,
ஓட்டுமடத்தில் பிறந்தவர்,
போன வியாழன் சூரிச்சிலிருந்து வந்தவர்,
கதிரையின் நுனியில் இருக்கிறார்.
இரட்டைப் பிரஜாவுரிமைக்குப் போடப்போகிறாராம்.
அதற்கு முதல் நான் எழுதவேண்டும்
இவர் இந்த ஊரவர்தான் என்று.

மேசையில் ஒரு சொக்லேற் பெட்டி வைத்தார்.
நான் தொடவில்லை.
மின்விசிறிக் காற்றுக்குக் கடுதாசி பறக்காமல்
அதுவே பாரமாயிற்று.

வரிசையில் நின்ற தபாற்கார இராசநாயகம் அண்ணை
எல்லாருக்கும் கேட்கத்தான் சொன்னார்:
"பிடிக்கிற நேரம் ஓடினவைக்கு
இப்ப காணியும் வேணும் காட்டும் வேணும்.
நாட்டுக்கு நிக்காதவனுக்கு நாடென்னத்துக்கு?
சட்டம் வைச்சு வெட்டிவிடோணும்."
இரண்டு பேர் தலையாட்டினார்கள்.
அவருடைய மகன் கனடாவில்.
அதை ஒருவரும் சொல்லவில்லை.

கனகாலம் நானும் அப்படித்தான் நினைத்தேன்,
சட்டம் என் கையில் இருந்தால் என்று.
இன்று இருக்கிறது.
ஒரு ரப்பர் முத்திரை, காய்ந்த ஊதா மைத்தட்டு.

எண்பத்தொன்பது. ரியூசன் விட்ட நேரம்.
பிள்ளை பிடிக்கிற வான் மானிப்பாய் வீதியால் வந்தது.
ஒரு சைக்கிளில் இரண்டு பேர்,
பெடலில் என் அண்ணன் சிவலோகன், பாரில் இவர்.
இவர் மதில் பாய்ந்தார்.
அண்ணன் பாயவில்லை.

அப்பா போய்ப் பார்த்தபோது
சைக்கிள் விழுந்து கிடக்கவில்லை.
ஸ்ராண்ட் போட்டு, நேராக, வேப்பமர நிழலில் நின்றது.
இழுத்துக்கொண்டு போகப்பட்டவன் ஸ்ராண்ட் போடுவானோ?
விரும்பித்தான் ஏறியிருக்கிறான், என்றார்.
பிறகு அந்தப் பெயரை அவர் சொன்னதில்லை.
அந்தச் சைக்கிளில் ஏறியதுமில்லை.

மயிர் ஒட்ட வெட்டி, அளவில்லாத சப்பாத்துப் போட்டு
லொறியில் கண்டதாக ஒருவர் சொன்னார்.
அடுத்த மழைக்கு முதல் அந்தப் படையே இல்லை.
துவக்குக் கொடுத்தவர்கள் கப்பலேறிப் போனார்கள்.
அதற்குப் பிறகு வந்தவர்கள்
படலையில் நின்று கேட்டார்கள்:
"துரோகியின்ர வீடு இதுதானே?"

ஓடாதவன் பெயர்
எந்தக் கல்லிலும் இல்லை.
எந்தச் சம்பளப் புத்தகத்திலும் இல்லை.
வாக்காளர் இடாப்பில் இருந்ததை
பதவிக்கு வந்த முதல் வருடம்
சிவப்புப் பேனையால் வெட்டியது நான்.

எந்தப் படைக்குப் போகாதவனை வெட்டுவது, அண்ணை?
இந்த ஒழுங்கையால் எத்தனை சப்பாத்துப் போனது.
ஒவ்வொன்றும் தன்னை நாடு என்றது.
ஒவ்வொன்றுக்கும் ஒளித்து ஒளித்துத்தானே
ஊரென்று ஏதோ மிஞ்சினோம்.

இதில் ஒன்றையும் வாயால் சொல்லவில்லை.
"அண்டைக்கு என்ன நடந்தது" என்றுதான் கேட்டேன்.

அவர் தன் உள்ளங்கைகளைப் பார்த்தார்.
"பாயடா எண்டு கத்தினனான்.
'அப்பான்ர சைக்கிளடா, விழுந்தா டைனமோ போயிடும்'
எண்டு ஸ்ராண்டைத் தட்டிக்கொண்டு நிண்டான்.
நான் திரும்பிப் பாக்கேல்லை, தங்கச்சி.
ஸ்ராண்ட் விழுந்த சத்தம்
மதிலுக்கு அங்கால கேட்டது."

அப்பா போய்ப் பதினொரு வருடம்.
வெளியில் யாரோ இருமினார்கள்.

ஆறாம் கேள்விக்கு
முப்பத்தைந்து வருடம் என்று எழுதி, வெட்டி,
"பிறந்ததிலிருந்து" என்று எழுதினேன்.
யார் பிறந்ததிலிருந்து என்று படிவம் கேட்கவில்லை.
மைத்தட்டில் தண்ணீர் இரண்டு துளி விட்டேன்.
முத்திரை அரைவாசிதான் விழுந்தது.

"இது காணுமோ?" என்றார்.

தெரியாது என்றேன்.
பிரதேச செயலகத்தில் கேட்டுப் பாருங்கோ.

அடுத்தது இராசநாயகம் அண்ணை.