பதினான்கு துளைகள்

பகலில் என் கையில் மஞ்சள் குடை.
மழைக்காக இல்லை.
என் பின்னால் வருகிற இருபத்து மூன்று பேர்
நீலக் குடையின் பின்னால் போய்விடாமலிருக்க.
நெஞ்சில் குத்திய அட்டையில்
கோர்னேல் என்றிருக்கும்.
யாரும் படிப்பதில்லை.
குடைக்காரரே, கழிப்பறை எங்கே
என்பார்கள்.

இருட்டினால் பச்சை பனியன்,
கழுத்தில் விசில்.
அதே தெரு, அதே ஷூ.
ஒரு டிக்கெட்டில் ஐந்து மதுக்கடை,
முதல் கோப்பை இலவசம்.
காலையில் சரித்திரம் கேட்டுத் தலையாட்டியவர்களில்
பாதிப்பேர் இங்கேயும் வருவார்கள்.
குடை இல்லாமல் என்னை
அடையாளம் தெரியாது.

புடாபெஸ்ட், ஏழாம் வட்டாரம்.
அங்கே ஒரு சுவர்.
பகலில் அதன் முன் நின்று
குரலை ஒரு படி இறக்குவேன்.
ஐம்பத்தாறு, அக்டோபர்.
இந்த முற்றத்துக்குள் ஓடி வந்த பையன்கள்.
இதோ பாருங்கள், பதினான்கு துளைகள்.
இந்த இடத்தில் இரண்டு மூச்சு
சும்மா நிற்க வேண்டும்,
பயிற்சியில் சொல்லிக் கொடுத்தது.
அப்புறம்,
வலது பக்கக் கடையில் கேக் நன்றாக இருக்கும்.

இரவில் அது மதுக்கடையின் பின்சுவர்.
குளியல் தொட்டியைப் பாதியாக அறுத்துச் செய்த சோபா,
மரக்கிளையில் தொங்கும் சைக்கிள்,
தலைக்கு மேல் விளக்குச்சரம்.
கல்யாணத்துக்கு முந்தைய வாரம்
லீட்ஸிலிருந்து நண்பர்களோடு வந்திறங்கிய மாப்பிள்ளை
துளைக்குள் சிகரெட்டைச் செருகிப்
படம் எடுத்துக்கொள்வான்.
நான் விசில் ஊதுவேன்,
அடுத்த கடை, அடுத்த கடை.
மூன்றாம் மாடியில் தபால் நிலையத்து எதெல்கா,
காலை ஐந்து மணி ஷிஃப்டுக்காரி,
சன்னலில் ஒரு போர்வையைத் தொங்கவிட்டிருக்கிறாள்.
அதில் சிவப்புப் பெயின்டில்:
இங்கே மனிதர்கள் தூங்குகிறார்கள்.
அதையும் படம் எடுக்கிறார்கள்.

போன செவ்வாய்க்கிழமை
கொய்ம்ப்ராவிலிருந்து ஒரு பல் மருத்துவர்.
பெனெடிட்டா.
எல்லோரும் கேக் கடைப் பக்கம் திரும்பிய பிறகு
அவர் மட்டும் சுவரோடு நின்றார்.
சுண்டுவிரலை உள்ளே விட்டு விட்டு
ஒவ்வொன்றாக.
'பதினொன்றுதான் இருக்கிறது.
இந்த ஒன்று குண்டும் இல்லை,
விளிம்பு பாருங்கள்,
யாரோ பலகை மாட்டத் துளைபோட்டிருக்கிறார்கள்.'

நான்கு வருடம்.
நாளைக்கு இரண்டு தடவை.
ஒரு நாள்கூட நான் எண்ணியதில்லை.
எனக்கு முந்தைய குடைக்காரன் சொன்னான்,
நானும் சொன்னேன்.

'மூன்றைப் பூசிவிட்டார்கள்' என்றேன்.
அவர் தலையசைத்தார்.
தினமும் இரண்டு வேளை பல் தேய்க்கிறேன்
என்று சொல்பவனிடம்
தலையசைப்பதைப் போல.

அன்று இரவு ஐந்தாவது கடையில்
கும்பலை இறக்கிவிட்டுத் திரும்பி வந்தேன்.
மணி நாலு.
நாற்காலிகளை மேசைமேல் கவிழ்த்துக்கொண்டிருந்தவனிடம்
டார்ச் வாங்கினேன்.
ஒன்று, இரண்டு.
நாலாவதில் சூயிங்கம்.
ஏழாவதில் ஒரு சிலந்தி, வீட்டுக்காரியைப் போல்
வெளிச்சத்துக்கு முகத்தைச் சுளித்தது.
ஒருமுறை எண்ணினால் பத்து,
மறுமுறை பன்னிரண்டு.
எது ஆணி, எது குண்டு?
என் விரலுக்கு அந்தப் படிப்பு இல்லை.

மேலே சன்னல் திறந்தது.
எதெல்கா. சீருடை, கையில் காபி.
'என்ன தொலைத்தாய்?'
'துளை.'
குடிகாரன் என்று நினைத்திருக்க வேண்டும்.
பிறகு சுவரைப் பார்த்தாள், டார்ச்சைப் பார்த்தாள்.
'என் சமையலறையில் இரண்டு இருக்கிறது.
ஒன்றில் காலண்டர் மாட்டியிருக்கிறேன்.'
'வந்து பார்க்கலாமா?'
'எனக்கு டிராம் வந்துவிடும்.
ஞாயிற்றுக்கிழமை வா.
அந்த விசிலைக் கழற்றிவிட்டு வா.'

காலை பத்து மணி.
மஞ்சள் குடை, பத்தொன்பது பேர்.
ஐம்பத்தாறு, அக்டோபர் என்றேன்.
இதோ பாருங்கள் என்றேன்.
இரண்டு மூச்சு,
மூன்றாவதும் வந்தது.
முன்வரிசையில் ஒரு பையன்
தானாகவே எண்ணத் தொடங்கினான்,
உதடு மட்டும் அசைய.
அவன் முடிக்கட்டும் என்று நின்றோம்.

கேக் கடையைச் சொல்ல
மறந்துபோனேன்.