வாட்டர் பம்ப் வரும்வரை

காருக்கு வாட்டர் பம்ப் வாகா வாகாவிலிருந்து வரவேண்டும்,
நாளைக் காலைதான் என்றார் மெக்கானிக் டேரல்.
"சீனத் தோட்டம் பாருங்களேன்,
நடந்தால் ஒரு மணித்தியாலம். வாத்துகள் உண்டு."
வாத்துகளை இரண்டு தரம் சொன்னார்.

யங் என்று இந்த ஊருக்குப் பெயர்.
இளமை என்று நினைத்திருந்தேன்;
ஒரு கவர்னரின் குடும்பப் பெயராம்.
அதற்கு முன் லாம்பிங் பிளாட்,
ஆடுகள் குட்டி ஈனும் சமவெளி.
அந்தப் பெயரை ஏன் மாற்றினார்கள் என்று
பேக்கரியில் கேட்டேன்.
"சாஸ் வேணுமா?" என்றாள் அந்தப் பெண்.

நவம்பர் வெயில்.
வேலிக்கு அந்தப்பக்கம், வலைக்குள்ளே, செர்ரி.
நடப்பதற்கான செருப்பில்லை இது.
ஒரு யூட் வேகம் குறைத்து, பார்த்துவிட்டுப் போனது.
பின்தட்டில் நின்ற நாய்
வளைவு வரை என்னையே பார்த்துக்கொண்டு போனது.

வாசலில் இரண்டு கற்சிங்கங்கள்.
ஒன்றின் வாய்க்குள் யாரோ
ஐஸ்கிரீம் குச்சி செருகியிருந்தார்கள்.
எடுத்தேன். எங்கே போடுவதென்று தெரியாமல்
கைப்பைக்குள் வைத்தேன்.

உள்ளே வெண்கலக் குதிரை.
மூன்று கால் காற்றில்,
நாலாவது, பறக்கும் குருவியொன்றின் முதுகில்.
அவ்வளவு வேகம் அந்தக் குதிரைக்கு, என்பது விளக்கம்.
நான் குருவியைத்தான் சுற்றிச் சுற்றிப் பார்த்தேன்.
கழுத்தைத் திருப்பி மேலே பார்க்கிறது,
ஆர் இது என் முதுகில் என்பதுபோல.

வளைந்த பாலம். வில்லோ மரம்.
ஒரு காலம் தங்கம் அலசத் தேக்கிய தண்ணீர்.
பிறகு அந்தப் பலகை.

ஆயிரத்து எண்ணூற்று அறுபத்தொன்று, ஜூன் முப்பது.
பலகை பாதி சொன்னது, மீதியை போனில் தேடினேன்:
கூட்டத்துக்கு முன்னால் பாண்ட் வாத்தியம் போயிருக்கிறது.
கூடாரங்களை எரித்திருக்கிறார்கள்.
ஓடியவர்களைப் பின்னலில் பிடித்து
அறுத்திருக்கிறார்கள். சிலருக்குத் தோலோடு.

என் கை தன் பாட்டுக்கு முதுகுக்குப் போனது.
இடுப்புவரை நீளும் பின்னல்.
எடுத்து முன்னால் போட்டுக்கொண்டேன்.
ஏனென்று கேட்க அங்கே ஆளில்லை.

ஜூன் முப்பதுக்கு அடுத்த நாள் ஜூலை.
எனக்கும் ஒரு ஜூலை தெரியும். நாலு வயது.
வெள்ளவத்தை பஸ்ஸுக்குள் அம்மா
பெருவிரலால் பொட்டை அழித்தாள்.
அழித்த இடம் சிவந்து
பொட்டைவிடப் பெரிதாய்த் தெரிந்தது.
இரண்டையும் பக்கத்தில் வைத்து அளக்கமாட்டேன்.
அந்தத் தண்ணீர் வேறு, இந்தத் தண்ணீர் வேறு.
ஆனாலும் கொஞ்ச நேரம் உட்கார வேண்டியிருந்தது.

"ஒரு படம் எடுத்துத் தருவீர்களா?"
ஹர்ஸ்ட்வில்லில் இருந்து வந்தவர்கள்,
வின்னி ஃபங்கும் கணவரும்.
அவர் தொப்பியைக் கழற்றினார்,
மொட்டைத் தலை மினுங்கியது.
"மாட்டுங்கள், மாட்டுங்கள்" என்றாள் வின்னி.
மாட்டினார். எடுத்தேன்.
"இப்போது நீங்கள். இல்லை, அப்படியில்லை,
திரும்பி நில்லுங்கள். எவ்வளவு நீளமான முடி!"

பின்னலைப் பின்னால் விட்டேன்.
முன்பின் தெரியாத ஒருவருக்கு
முதுகைக் காட்டிக்கொண்டு,
தண்ணீரைப் பார்த்தபடி நின்றேன்.
ஒன்று, இரண்டு என்று எண்ணினாள் வின்னி.
மூன்றுக்குள் எவ்வளவு நேரம்.

திரும்பி வரக் கால் கொப்பளித்திருந்தது.
டேரல் ஷட்டரை இறக்கிக்கொண்டிருந்தார்.
"வாத்து பார்த்தீர்களா?"

அப்போதுதான் நினைவு வந்தது, நான் பார்க்கவே இல்லை.
வின்னி அனுப்பிய படத்தைக் காட்டினேன்.
என் முதுகு, பின்னல், குளம்,
ஓரத்தில் மங்கலாய் ஒன்று.

"அதோ!" என்று
கிரீஸ் படிந்த இரண்டு விரலால்
வாத்தைப் பெரிதாக்கினார்.
பின்னல் படத்துக்கு வெளியே போனது.