நூற்றி இருபத்தொன்று

முள்ளோடை தாண்டியதும் எங்கள் பங்க்.
லிட்டருக்குச் சில ரூபாய் மலிவென்று
பெண்ணையாற்றுப் பாலம் ஏறி வருகிறது கடலூர்.
இருநூறு, ஐந்நூறு, டேங்கை ரொப்பு.
எல்லாம் வட்டமான மனிதர்கள்.

அவள் மட்டும் முதல் செவ்வாய்
நூற்றியொன்று என்றாள்.
ஹெல்மெட் கண்ணாடியை ஏற்றவில்லை.
ஸ்கூட்டி பலகையில் டி.என். முப்பத்தொன்று,
நீட்டிய நோட்டின் மேல் ஒற்றை நாணயம்.
"மொய் எழுதுது போல" என்றான் அந்துவான்.

அடுத்த செவ்வாய் நூற்றி மூன்று.
பிறகு நூற்றி ஏழு. நூற்றி ஒன்பது.
மொய்க்கணக்கு அத்தோடு செத்தது.
ஜோசியர் எழுதிக் கொடுத்த பரிகாரம்
என்று பில் போடும் தில்லைநாயகி சொன்னதை
யாரும் மறுக்க முடியவில்லை,
அதனால் பயனும் இல்லை.

"ரெண்டு ஏறுது, நாலு ஏறுது,
ரெண்டு, நாலு, பாத்துக்க"
காற்றுக் குழாயைத் தோளில் போட்டபடி
அடுத்தது நூற்றிப் பதிமூன்று என்றான் அந்துவான்.
வந்தது நூற்றிப் பதிமூன்று.
அன்றைக்கு அவன் நடையே வேறு.

ஆறாம் செவ்வாய்
இரண்டு டீ, இரண்டு மசால்வடை பந்தயம்.
நூற்றிப் பதினைந்தை முன்கூட்டியே அழுத்திவிட்டு
நாசிலைப் பிடித்து நின்றான்.

"நூத்தி இருபத்தேழு."

காது சரியில்லையோ என்று மறுபடி கேட்டான்.
கண்ணாடிக்குள்ளிருந்து அதே குரல், அதே எண்.
வடை எனக்கு.

இரவு ஷிப்டில் டிப்ஸ் டப்பாவை
மூன்று பேருக்குப் பிரிப்பது என் வேலை.
பிரித்த கை சும்மா இருக்காமல்
பில் ரோலின் வாலில் அவள் எண்களையும் பிரித்தது.
நூற்றியொன்று, மீதி இரண்டு.
நூற்றி மூன்று, மீதி ஒன்று.
நூற்றி இருபத்தேழு, அதுவும் ஒன்று.
ஐந்து பேர் வந்தாலும் மீதி,
ஏழு பேர் வந்தாலும் மீதி.
அவள் தாண்டிப் போனவற்றை எடுத்தேன்.
பதினைந்தை ஐவர் பிரிக்கலாம், பதினேழை மூவர்,
பத்தொன்பதை ஏழு பேர், சண்டையில்லாமல்.
யாருக்கும் பங்கு விழாத காசாகப் பொறுக்கி
எடுத்து வருகிறாள்!

நூற்றி இருபத்தொன்று மட்டும் இடித்தது.
இரண்டு, மூன்று, ஐந்து, ஏழு
எதற்கும் மசியவில்லை.
பின்னே ஏன் அதைத் தாண்டினாள்?
சிப்காட் லாரி ஒன்று ஹார்ன் அடித்தது.
டீசல் போட எழுந்தேன்.
விட்டுவிட்டேன்.

முப்பத்தொன்று, முப்பத்தேழு, முப்பத்தொன்பது.
சொல்லி வைத்தாற்போல் வந்தன.
அந்துவானிடம் மூச்சு விடவில்லை.

பத்தாம் செவ்வாய்
அவள் வாய் திறக்குமுன் அழுத்தினேன்:
ஒன்று, நான்கு, மூன்று.

மெஷினைப் பார்த்தாள்.
முதல் முறையாகக் கண்ணாடியை ஏற்றினாள்.
நாற்பது வயதிருக்கும்,
கன்னத்தில் பட்டை அழுந்திய தடம்.
"இதைப் பதினோரு பேர் பிரிச்சிக்கலாமே.
ஆளுக்குப் பதிமூணு."
கேலியில்லை அந்தக் குரலில்,
துணை கிடைத்த மாதிரி ஏதோ.
"நூத்தி நாப்பத்தொம்போது போடுங்க."

நூறு, இரண்டு இருபது, ஒன்பது ரூபாய்ச் சில்லறை.
வீட்டிலேயே எண்ணி எடுத்து வந்தது.

வண்டி பாலத்துப் பக்கம் திரும்பிய பிறகுதான்
நூற்றி இருபத்தொன்று வந்து உட்கார்ந்தது.
பதினோரு பேர். ஆளுக்குப் பதினொன்று.
நான்கு வாரமாக என் சட்டைப் பையில்
பில் ரோலோடு கசங்கிக் கிடந்திருக்கிறது.

"என்னடா சொல்லிட்டுப் போறாங்க?"
"டயர்ல காத்து கம்மியாம்" என்றேன்.

அடுத்த செவ்வாய்க்கு நூற்றி ஐம்பத்தொன்று.
இந்த முறை அவசரப்படவில்லை.
பதினொன்றால் வகுத்தேன், மீதி எட்டு.
பதிமூன்றால் வகுத்தேன்,
மறுபடியும் எட்டு.

இரண்டுக்கும் எப்படி ஒரே மீதி?

காகிதத்தைத் திருப்பிப் போட்டேன்.