பதிவில் வராத பெயர்

வால்பரைசோ. காங்கிரஸ் மாளிகை, நான்காம் தளம்.
சுரங்கக் குழு கூடும் அறையில்
சொன்னதை எழுதுவது என் வேலை.
பதினெட்டு வருடமாக.
இருமலை எழுதுவதில்லை.
நாற்காலி கிறீச்சிடுவதை எழுதுவதில்லை.
மௌனத்துக்கு ஒரு குறி உண்டு,
மூன்று நொடி தாண்டினால்தான் அதையும் போடலாம்.

எல்கா ரிகெல்மேயின் பெயர்
என் பக்கங்களில் ஒருமுறைகூட வந்ததில்லை.
கடைசி வரிசையில், வெந்நீர்க் குழாய் ஓரம்,
ஈரக் கோட்டை மடியில் சுருட்டிவைத்து உட்கார்ந்திருப்பாள்.
நிலநடுக்கம் அளப்பவர்களை, பாசி எண்ணுபவர்களை,
குழாய்த் துருவே கதியென்று கிடப்பவர்களை
வருடத்துக்குப் பதினோரு பேர்,
ஆய்வகத்திலிருந்து பிடுங்கி வந்து
செனட்டர்களின் அலுவலகங்களில் நடுவாள்.
சிலர் வேர்விடுவார்கள்.
சிலர் இரண்டாம் வாரமே
ராஜினாமாக் கடிதத்தில் பிழை திருத்திக்கொண்டிருப்பார்கள்.
எரிமலைக்காரர் ஒருவர்
குழுத் தலைவரை முட்டாள் என்றார்.
அதை மட்டும் நான் ரசித்து எழுதினேன்.
அன்று மாலை அவள் லிஃப்ட் கதவை உதைத்தாள்.

இந்த முறை ஒஸ்வால்டோ கொல்லாவோ.
மண் பொறியாளர். அறுபத்திரண்டு வயது,
அவளுக்கு அப்பா வயது.
பையில் தொண்ணூற்றாறு படங்கள்.
காபி இயந்திரத்தருகே நான் என் முறைக்குக் காத்திருந்தேன்.
"எவ்வளவு நேரம் தருவார்கள்?"
"நான்கு நிமிஷம். அதில் ஒன்று
உங்கள் பெயரைத் தப்பாகச் சொல்வதற்கு."

அவர் படங்களை ஜன்னல் விளிம்பில் அடுக்கினார்,
பிள்ளைகளைப் பக்கத்து வீட்டில் விட்டுப்போகிறவர் போல.
கையில் மிஞ்சியது ஒன்று:
சேற்றணையின் குறுக்குவெட்டு.
கரைக்கு அடியில் நனைந்த மண் ஒரு கோடாக.
கோடு முடிகிற இடத்தில் ஒரு பள்ளிக்கூடம்.

"பாதுகாப்புக் காரணி ஒன்று புள்ளி பூஜ்ஜியம் எட்டு."
"அது எண். வாக்கியமாக்குங்கள்."
காபி ஆறும்வரை யோசித்தார்.
"இன்றைக்கு நிற்கிறது. அவ்வளவுதான்."
"அதைச் சொல்லுங்கள்."
"அது விஞ்ஞானம் இல்லையே, அம்மணி."
"பொய்யும் இல்லையே."

உள்ளே செனட்டர் பர்ராஸா
பேனா மூடியைக் கடித்தபடி கேட்டார்:
"பூமி குலுங்கினால் உடையுமா, உடையாதா?
ஒரு சொல் போதும்."

எத்தனை பேராசிரியர்கள் இந்தக் கேள்வியில் வழுக்கி விழுந்ததை
நான் எழுதியிருக்கிறேன்.
உடையும் என்றால் பீதி கிளப்புகிறவர்.
உடையாது என்றால் வீட்டுக்குப் போகலாம்.
பொறுத்திருக்கிறது என்று தொடங்கினால்
அறை கொட்டாவி விடும்.

மௌனக் குறி போட்டேன்.
இன்னொன்றும் போட்டேன்.
அவர் கடைசி வரிசையைத் திரும்பிப் பார்த்தார்.
எல்கா கண்ணாடியைக் கழற்றித்
துடைத்துக்கொண்டிருந்தாள்.
கண்ணாடி இல்லாமல் அவளுக்கு எதுவும் தெரியாது.

"தெரியாது, செனட்டரே.
தெரிந்துகொள்ள ஏழு துளை போட வேண்டும்.
கம்பெனி இரண்டு போட்டது.
தெரியாத ஒன்றின் அடியில்
குழந்தைகளை உட்காரவைத்திருக்கிறோம்.
எனக்கு உறுதியாகத் தெரிந்தது இது ஒன்றுதான்."

பேனா மூடி மேஜையில் விழுந்தது.
அதை நான் எழுதவில்லை.

மசோதா தோற்றது, இரண்டு வாக்கில்.
ஜூலை மழையில், சாலைகள் பற்றிய வேறொரு சட்டத்தில்,
"குறைந்தது ஏழு துளைகள்" என்று ஒரு வரி நுழைந்தது.
முன்மொழிந்தவர்: பர்ராஸா.
அந்த வரியை அவர் மேஜைமேல் யார் மறந்துவைத்துவிட்டுப் போனார்கள்
என்று அவர் கேட்கவில்லை.
நானும் கேட்கவில்லை.

சாட்சிகள் தங்கள் பேச்சைத் திருத்தித் தரலாம்,
பத்து நாள் அவகாசம்.
"தெரியாது" என்பதைப்
"போதிய தரவு இன்மையால் கூற இயலாது" என்று
கொல்லாவோ மாற்றுவார் என நினைத்தேன்.
எல்லாரும் மாற்றுவார்கள்.
ஒன்பதாம் நாள் தாள்கள் திரும்பி வந்தன.
ஒரே இடத்தில் பச்சை மை:
தன் பெயரில்
விட்டுப்போன ஓர் எழுத்தைச் சேர்த்திருந்தார்.